அரை அடி ஏற்றம், ஒரு அடி மிதி

எங்கள் குடோனில் மூத்த லோடுமேன் ஒருவர் இருக்கிறார். நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்திலிருந்தே அங்கே வேலை செய்பவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார், அதனால் அண்ணன் என்றே எழுதுகிறேன். 2023 ஆடி மாதம் ஒரு மத்தியான நேரம், மேல்தளத்திலிருந்து இரண்டு அட்டைப்பெட்டிக் கட்டுகளை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இறங்கியவர், கடைசிப் படியில் தடுமாறி முன்பக்கமாக விழுந்தார். கையை ஊன்றியதில் வலது மணிக்கட்டு எலும்பு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

ஆஸ்பத்திரியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என்மேல் ஒரு வார்த்தை கோபப்படவில்லை. மெதுவாக ஒன்று சொன்னார்: "இன்னும் கொஞ்சம் கீழ இருக்குதுன்னு நெனச்சு கால விட்டனுங்க தம்பி. தரை முன்னாலயே வந்துருச்சு."

அந்தப் பேச்சு ராத்திரி முழுக்க மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. தரை எப்படி முன்னால் வரும்? மறுநாள் காலையில் ஆட்கள் வருவதற்கு முன்பே குடோனைத் திறந்து, டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு அந்தப் படிக்கட்டின் அடியில் உட்கார்ந்தேன்.

திருப்பூரில் அட்டைப்பெட்டியும் பாலித்தீன் கவரும் விற்கும் கடை எங்களுடையது. குடோன் 80 அடி நீளம், 40 அடி அகலம். பின்பக்கம் 25 அடி ஆழத்துக்கு, 3 மீட்டர் உயரத்தில் அப்பா ஒரு மெஸனைன் போட்டிருந்தார். அவர் வாயில் அது 'பரண்'. பரணுக்கு ஏற ஓர் இரும்புப் படிக்கட்டு: மொத்தம் பன்னிரண்டு ஏற்றம், இரண்டரை அடி அகலம், ஒரு பக்கம் மட்டும் கைப்பிடி. ஏழு அடி இடத்துக்குள் பத்தடி உயரத்தை முடித்திருந்தார்கள்.

ஒவ்வொரு படியாக அளந்து, உயரத்தைப் பக்கத்திலேயே சாக்பீஸால் எழுதினேன். நடுவில் இருந்த பத்தும் 250 மில்லிமீட்டர். மேலே கடைசி ஏற்றம் 285. கீழே முதல் ஏற்றம் 215. காரணம் புரிய நேரமாகவில்லை. படிக்கட்டு வைத்துச் சில வருடம் கழித்துத் தரை பெயர்ந்துவிட்டது என்று புதிதாக ஒரு கான்கிரீட் பூச்சு போட்டோம். தரை உயர்ந்தது, முதல் படி குள்ளமானது. பரணில் தகடு சத்தம் போடுகிறது என்று மேலே பிளைவுட் அடித்தோம். தளம் உயர்ந்தது, கடைசிப் படி நெட்டையானது. இரண்டுமே நல்ல வேலை என்று நினைத்துச் செய்ததுதான். படிக்கட்டை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அண்ணன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பிசகில்லை. 35 மில்லிமீட்டர் முன்னாலேயே வந்துவிட்டது தரை.

படி ஏறும்போதும் இறங்கும்போதும் நாம் ஒவ்வொரு படியையும் பார்ப்பதில்லை. முதல் ஒன்றிரண்டு படியில் கால் ஓர் அளவைப் பிடித்துக்கொள்கிறது, மிச்சத்தை அந்தக் கணக்கிலேயே கடக்கிறது. கையில் பெட்டி இருந்தால் கண்ணுக்கு வேலையே இல்லை, முழுக்கக் காலை நம்பித்தான் இறங்க வேண்டும். அப்படிப்பட்ட இடத்தில் ஒரே ஒரு படி வேறு அளவில் இருந்தால், அது கால் மேல் வைத்த நம்பிக்கையை உடைக்கிறது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் கட்டிட விதித் தொகுப்பு, ஒரு வரிசைப் படிகளில் மிக உயர்ந்ததற்கும் மிகத் தாழ்ந்ததற்கும் 9.5 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் கூடாது என்கிறது. எங்களுடையதில் வித்தியாசம் 70.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், அண்ணன் வேலைக்குத் திரும்பும்போது இந்தப் படிக்கட்டு இங்கே இருக்கக் கூடாது என்று. ஆனால் கையில் பெரிய பணம் இல்லை. சின்ன வியாபாரம் செய்கிற எல்லோருக்கும் இருக்கிற நிலைமைதான். அந்தப் பணத்துக்குள் எப்படிச் செய்தோம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எந்த விதி நமக்குப் பொருந்தும்?

முதல் குழப்பமே இதுதான். "குடோன்தானே, தொழிற்சாலையா என்ன?" என்று நானும் நினைத்திருந்தேன். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் 'உற்பத்தி' என்று சொன்னதில் பொருளைத் தயாரிப்பதோடு, விற்பனைக்காகப் பேக்கிங் செய்வதும் அடங்கியிருந்தது. மின்சாரம் உபயோகித்துப் பத்துப் பேர் வேலை செய்தால் அந்தச் சட்டத்துக்குள் வந்துவிடுவோம் என்பதுதான் நாங்கள் வேலையை ஆரம்பித்த காலத்து நிலை. அதன் 32-ஆம் பிரிவு தரை, படிக்கட்டு, நடைபாதை எல்லாம் உறுதியாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும், தடங்கல் இல்லாமல் இருக்க வேண்டும், தேவையான இடத்தில் கைப்பிடி இருக்க வேண்டும் என்றது. 33-ஆம் பிரிவு தளத்தில் இருக்கிற திறப்புகளை மூடவோ வேலியிடவோ சொன்னது. 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன, ஆள் எண்ணிக்கை வரம்புகளும் மாறியிருக்கின்றன. உங்கள் இடம் எதில் வருகிறது என்பதைத் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்தின் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சட்டத்துக்கு வெளியே இருந்தாலும் விழுகிறவரின் எலும்புக்கு அது தெரியாது.

சட்டம் 'உறுதியாக' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். எத்தனை அங்குலம் என்று சொல்வது தேசியக் கட்டிடத் தொகுப்பு. நாங்கள் பார்த்தது அதன் 2016 பதிப்பு. தன்னளவில் அது ஒரு வழிகாட்டி, மாநில விதிகள் எடுத்தாளும்போதுதான் கட்டாயமாகிறது. தமிழ்நாட்டில் 2019-ல் வந்த ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டிட விதிகளைப் பார்த்துத்தான் உள்ளாட்சி அனுமதி கொடுக்கிறது. இந்த வேலைக்கு நாங்கள் அமர்த்திய பொறியாளர் மேசைமேல் இரண்டையும் விரித்து வைத்துக்கொண்டுதான் கணக்குப் போட்டார்.

அந்தக் கணக்கில் நாங்கள் பிடித்துக்கொண்டவை இவை. வீடு அல்லாத கட்டிடங்களில் ஒரு படியின் ஏற்றம் 150 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. மிதி 300 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அகலம் ஒன்றரை மீட்டர். கைப்பிடி, மிதியின் நடுவிலிருந்து அளந்தால் ஒரு மீட்டர் உயரம். மெஸனைன் பரப்பு, அது இருக்கும் தளத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. எங்கள் பரண் 1000 சதுர அடி, குடோன் 3200. நல்லவேளை, உள்ளே இருந்தோம்.

150, 300 என்றால் கேட்பதற்குப் புதுசாக இருக்கலாம். கொத்தனாரிடம் சொன்னேன், சட்டென்று புரிந்துகொண்டார்: "அரை அடி ஏத்தம், ஒரு அடி மிதி. அவ்வளவுதானுங்களே?" அவ்வளவுதான். 1675-ல் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் பிளாண்டெல் ஒரு கணக்கு எழுதி வைத்தார்: இரண்டு ஏற்றத்தையும் ஒரு மிதியையும் கூட்டினால் மனிதன் சமதளத்தில் வைக்கிற ஒரு எட்டு வர வேண்டும். அரை அடி, அரை அடி, ஒரு அடி சேர்ந்தால் இரண்டு அடி. விதிப் புத்தகத்தில் இருக்கிற எண்கள் நம் முழங்காலையும் பாதத்தையும் அளந்து எழுதியவை. இது புரிந்த பிறகு எனக்கு விதி ஒரு தொந்தரவாகத் தெரியவில்லை.

மலிவாகத் தெரிந்த இரண்டு வழிகள்

முதலில் வந்த வெல்டிங் பட்டறைக்காரர், "பழசுக்கே இன்னொரு பக்கம் கைப்பிடி வெச்சு, மிதியில சொரசொரப்பா தகடு ஒட்டிக் குடுத்தர்றனுங்க" என்றார். விலையும் குறைவு. சரி என்று சொல்ல வாய் எடுத்துவிட்டேன். பொறியாளர் தடுத்தார். 250 ஏற்றம், 190 மிதி என்றால் படிக்கட்டின் சாய்வு 50 பாகையைத் தாண்டுகிறது, கிட்டத்தட்ட ஏணி. பாதம் முழுதாக மிதியில் உட்காராது. மேலும் கீழும் அளவு மாறியிருப்பதைக் கைப்பிடி சரிசெய்யாது. அதில் போடுகிற பணம் முழுக்க வீண் என்றார்.

இரண்டாவது, சுழல் படிக்கட்டு. "இடமே அடைக்காது" என்று நண்பர் ஒருவர் படம் அனுப்பினார். உள் விளிம்பில் மிதி கால் வைக்க முடியாத அளவுக்குக் குறுகிவிடும், எதிரே ஆள் வந்தால் ஒதுங்க இடமில்லை, அவசரத்தில் நாலு பேர் ஒன்றாக இறங்க முடியாது. தேசியத் தொகுப்பும் ஆள் நடமாட்டம் குறைந்த இடத்துக்கு மட்டும்தான் அதை ஒத்துக்கொள்கிறது.

இடத்தை முதலில் கொடுங்கள்

3 மீட்டர் உயரத்தை 150-ஆல் வகுத்தால் 20 ஏற்றம். நடுவில் ஒரு லேண்டிங் வைத்துப் பத்துப் பத்தாகப் பிரித்தோம். ஒவ்வொரு பாதியிலும் ஒன்பது மிதி, ஆக 2.7 மீட்டர். திரும்பிப் போகிற மாதிரி, இரண்டு வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 4.2 மீட்டருக்கு 3 மீட்டர் இடம் போகும், லேண்டிங்கும் இரட்டை அகலத்தில் வேண்டும். ஒரே நேராகச் சுவர் ஓரமாக விட்டால் நீளம் 6.9 மீட்டர், அகலம் ஒன்றரை மீட்டர்தான். லேண்டிங் பாதியாகிறது, அதைத் தாங்கும் கால்களும் குறைகின்றன. குடோனின் வடக்குச் சுவர் ஓரம் 55 அடி நீளம் சும்மா இருந்தது. நேர்ப்படிக்கட்டே போதும் என்று முடிவாயிற்று.

அப்பா சாக்பீஸ் கோட்டைப் பார்த்துவிட்டு, "இருபத்திமூணு அடிக்கு அஞ்சடி. நூத்திப் பதினஞ்சு சதுர அடி போகுது கண்ணு" என்றார். பழைய படிக்கட்டு பதினேழு சதுர அடியில் நின்றது. அவருக்கு அந்த இடத்தின் வாடகைக் கணக்கு விரல் நுனியில் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. பொறியாளர்தான் சொன்னார்: "அய்யா, அந்த நூறு சதுர அடிய மிச்சம் பண்ணத்தான் முதல்ல படிய செங்குத்தா வெச்சீங்க." அப்பா கொஞ்ச நேரம் பழைய படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே போய் அந்தச் சுவர் ஓரம் அடுக்கியிருந்த கட்டுகளை நகர்த்தச் சொன்னார்.

இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒரே பெரிய விஷயம் இதுதான். விதிப்படி ஒரு படிக்கட்டு வைப்பதில் இரும்பு பெரிய செலவில்லை. இடத்தை முதலிலேயே ஒதுக்காமல் விட்டு, பிறகு இருக்கிற பொந்துக்குள் எதையாவது நுழைத்து, அதை மறுபடி பிடுங்கிப் போடுவதுதான் செலவு. நாங்கள் ஒரு படிக்கட்டுக்கு இரண்டு முறை பணம் கொடுத்தோம். ஒருவருடைய மணிக்கட்டையும் கொடுத்தோம்.

எங்கே மிச்சம் பிடித்தோம்

பட்டறையில் எல்லாமே கிலோ கணக்கு. எடை குறைந்தால் பணம் குறையும், ஆனால் உறுதி குறையக் கூடாது. மிதிக்கு 6 மி.மீ. செக்கர் பிளேட் என்றுதான் விலை கொடுத்திருந்தார்கள். பொறியாளர் 5 மி.மீ. தகட்டையே முன்விளிம்பில் 50 மி.மீ. கீழ்நோக்கியும், பின்விளிம்பில் 50 மி.மீ. மேல்நோக்கியும் மடிக்கச் சொன்னார். மடிப்புதான் தகட்டுக்கு முதுகெலும்பு. பின்பக்கம் நிமிர்ந்து நிற்கும் மடிப்பு, டேப் ரோல் மாதிரி ஏதாவது உருண்டு கீழே நிற்பவர் தலையில் விழாமலும் தடுக்கிறது. 5 மி.மீ. செக்கர் பிளேட் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 42 கிலோ, 6 மி.மீ. ஏறக்குறைய 50. பதினெட்டு மிதிக்குக் கணக்குப் போட்டால் 85 கிலோ இரும்பு மிச்சம். உங்கள் படியின் அகலத்துக்கும் சுமைக்கும் இது போதுமா என்பதைப் பொறியாளர் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

பதினெட்டு மிதியும் ஒரே அளவு. அதனால் மடிக்கும் மெஷினில் ஒரு முறை அளவு வைத்து மொத்தத்தையும் அடித்துவிட்டார்கள், கூலி குறைந்தது. வெல்டிங் ஆரம்பிப்பதற்கு முன்பு, முடிந்த தரையிலிருந்து முடிந்த தளம் வரை, பிளைவுட்டையும் சேர்த்து அளந்து, அதைச் சரியாக இருபதாகப் பிரித்து, மிதிகளைத் தாங்கும் இரும்புச் சேனலில் குறித்தோம். காசில்லாமல் கிடைத்த பாதுகாப்பு அதுதான்.

கைப்பிடிக்கு ஸ்டீல் கடையில் கிடைக்கும் ஒண்ணேகால் அங்குல ஜி.ஐ. பைப். அதன் வெளிவிட்டம் 42 மில்லிமீட்டர் சொச்சம், உள்ளங்கை முழுக்கச் சுற்றிப் பிடிக்கச் சரியான தடிமன். சதுரப் பைப் அழகாக இருக்கும், விழும்போது கை அதைப் பற்றாது. சுவர்ப் பக்கமும் ஒரு கைப்பிடி வைத்தோம், சுவருக்கும் பைப்புக்கும் நடுவே விரல் நுழைய இடம் விட்டு. திறந்த பக்கத்தில் நிற்கும் கம்பிகளுக்கு இடையே 15 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி விடவில்லை.

மொத்தப் படிக்கட்டும் போல்ட்டில் நிற்கிறது. மேலே பரணின் பீமோடு போல்ட், கீழே பேஸ் பிளேட் வைத்து ஆங்கர் போல்ட். பட்டறையிலேயே துண்டு துண்டாகச் செய்து, ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்துக் கொண்டுவந்து, ஒரு ஞாயிற்றுக்கிழமையில் மாட்டிவிட்டார்கள். கடை ஒரு நாள்கூட மூடவில்லை. வாடகைக் குடோனில் இருப்பவர்களுக்கு இன்னொரு லாபம், காலி செய்யும்போது கழற்றி எடுத்துப் போகலாம். கட்டிடச் சொந்தக்காரரிடம் மட்டும் முதலிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சேனல் அளவு, ஆங்கர் போல்ட், வெல்டிங் தரம் மூன்றிலும் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. பொறியாளருக்குக் கொடுத்த கட்டணம்தான் மொத்தச் செலவில் மிகச் சிறிய தொகை. மிச்சம் பிடித்த இடமெல்லாம் அவர் காட்டியதுதான். கூடவே அவர் பரணையும் சோதித்தார். கிடங்குத் தளம் சதுர மீட்டருக்குக் குறைந்தது 7.5 கிலோநியூட்டன், அதாவது ஏறத்தாழ 750 கிலோ தாங்க வேண்டும் என்பது இந்தியத் தர நிர்ணயம் 875-இன் கணக்கு. எங்கள் பரணில் எவ்வளவு உயரம் அடுக்கலாம் என்று அவர் சொன்னதைப் பெரிதாக ஒரு பலகையில் எழுதி மாட்டியிருக்கிறோம்.

சுமைக்கு வேறு வழி

படிக்கட்டு எவ்வளவு நன்றாக இருந்தாலும், இரண்டு கையாலும் பெட்டியைப் பிடித்தவருக்குக் கைப்பிடி இருந்தும் பயனில்லை. ஆகவே படிக்கட்டு ஆளுக்கு, சரக்குக்குத் தனி வழி என்று பிரித்தோம். பரண் விளிம்பில் முன்பு ஒரு சங்கிலிதான் தொங்கிக்கொண்டிருந்தது, சரக்கு இறக்கும்போது அதைக் கழற்றிவிட்டு விளிம்பில் நின்றே வேலை செய்வார்கள். இப்போது அங்கே பைப்பில் செய்த இரட்டைக் கதவு இருக்கிறது. இரண்டும் ஒரே சட்டத்தில் இணைந்தவை. வெளிப்பக்கம் தூக்கினால் உள்பக்கம் தானாக மூடிக்கொள்ளும். எந்த நேரத்திலும் ஆளுக்கும் விளிம்புக்கும் நடுவே ஒரு தடுப்பு உண்டு. மற்ற விளிம்பு முழுக்க இடுப்புக்கு மேல் தடுப்பும், தளத்தை ஒட்டிப் பத்து சென்டிமீட்டர் உயரத்துக்குத் தகடும் வைத்தோம். தடுப்புக் கால்களைப் பிளைவுட்டில் அல்ல, பீமில் போல்ட் செய்தோம்.

சரக்கு ஏற்றி இறக்க ஒரு கை செயின் பிளாக். அதைத் தாங்கத் தனியாக ஒரு பீம் வைத்தோம், கூரை ட்ரஸ்ஸில் கட்டித் தொங்கவிடவில்லை. வருடத்துக்கு ஒரு முறை தகுதியுள்ளவரைக் கூப்பிட்டுச் சோதித்துச் சான்று வாங்குகிறோம்.

கடைசியாகச் சின்ன வேலைகள். ஒவ்வொரு மிதியின் முன்விளிம்பிலும் இரண்டு அங்குலத்துக்கு மஞ்சள் பெயின்ட். படிக்கட்டுக்கென்று இரண்டு எல்.இ.டி. விளக்கு, மேலும் கீழும் டூ வே ஸ்விட்ச். இருட்டில் இறங்கி வந்து கீழே ஸ்விட்ச் போடுகிற பழக்கம் அன்றோடு போயிற்று. படிக்கட்டுக்கு அடியில் கை ட்ராலி மட்டும் நிற்கும். அங்கே அட்டைப்பெட்டி அடுக்கக் கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். அட்டை தீப்பிடித்தால் தீயும் புகையும் முதலில் பிடித்துக்கொள்வது மேலே இருப்பவர்கள் இறங்கி வர வேண்டிய அதே வழியைத்தான். மேலே நாள் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து வேலை செய்கிற இடமாக இருந்தால், இறங்க இன்னொரு வழி வேண்டுமா என்பதையும் பொறியாளரிடம் கேட்டுவிடுங்கள்.

இதைப் படிக்கிற உங்களில் யாருக்காவது குடோன் இருந்தால், நாளைக்குக் காலையில் ஒரு டேப்பும் சாக்பீஸும் எடுத்துக்கொண்டு உங்கள் படிக்கட்டுக்குப் போங்கள். ஒவ்வொரு படியின் உயரத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். பத்து நிமிட வேலை. எண்கள் ஒன்றுபோல இல்லையென்றால், அதில் இறங்குகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். எந்தப் படி என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும்.

அண்ணன் ஐப்பசியில் வேலைக்குத் திரும்பினார். புதுப் படிக்கட்டில் முதல் சில வாரம் வெறுங்கையோடு இறங்கும்போதுகூட, கடைசிப் படிக்கு வந்ததும் நின்றுவிடுவார். கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, வலது பாதத்தை முன்னால் நீட்டித் தரையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உடம்பை இறக்குவார். அவருக்கே தெரியாமல் கால் அதைச் செய்துகொண்டிருந்தது. பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

தை பிறந்து பொங்கல் லீவு முடிந்து குடோன் திறந்த அன்று, மேலே யாரிடமோ சரக்குக் கணக்கைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே அவர் இறங்கி வந்தார். தலை திரும்பியிருந்தது, இடது கை பைப்பின் மேல் வழுக்கிக்கொண்டே வந்தது. கடைசிப் படியில் நிற்கவில்லை. தரை, அது இருக்க வேண்டிய இடத்திலேயே இருந்தது.